பாங்கொக்கில் ஒரு நாள்: எதனைக் காண்பது, எவ்வாறு காண்பது?

முன்னாளிற் காசிக்குச் சென்று மீள்வதென்பது ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை நிகழும் பெருங்காரியமாக இருந்தது. மீண்டவர் திண்ணையில் அமர்ந்தால் அயலவர் திரண்டு வந்து கேட்பர். அவரும் கண்டதைக் கண்டவாறே பல நாள் எடுத்துரைப்பர். இந்நாளிலோ கட்டுநாயக்காவில் விமானமேறி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாக அமர்ந்திருப்பின், தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கில் இறங்கிவிடலாம். கடல் கடந்து வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் இடைவழியில் அங்கு ஒரு நாள் தங்குகின்றனர். புடைவை வியாபாரத்தின் பொருட்டுச் செல்வோருக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கின்றது. உலகின் பல திசைகளிலும் சிதறி வாழும் நம் பழைய மாணவருள் அந்நகரை மிதியாதோர் இனிவருங் காலத்திற் சிலரேயாவர். ஆதலால், அந்த ஒரு நாளை எவ்வாறு கழித்தல் நன்று என்பதுபற்றிச் சில கூறுதல் இம்மலருக்குப் பொருந்தாததாகாது என்று கருதுகின்றோம்.

அங்கு சென்று மீண்டோரிடம், "என்ன கண்டீர்கள்?" என வினாவுவது நம் வழக்கம். கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒரு சாரார், சட்டை இன்ன விலை, பெட்டி இன்ன விலை, கொழும்பிலும் பார்க்க இவ்வளவு மலிவு என்று கணக்கொப்புவிப்பர். மறு சாரார் சற்றுக் கல்வியறிவுடையோர், அவர், "அங்கு உள்ளதெல்லாம் நம்முடையதே, இராமாயணமும் நம்முடையது, திருவெம்பாவையும் நம்முடையது, எழுத்துக்கூட நம்மிடமிருந்தே போயிற்று" என்று மார்தட்டுவர். முன்னவர் நகரத்தைக் கடையாகக் கண்டனர். பின்னவர் அதனைத் தம் முதுசொமாகக் கண்டனர். நகரத்தை நகரமாகவும், அங்கு வாழ்வோரை அந்நகரத்துக்கு உரியவராகவும் கண்டோர் இரு சாராரிலும் இலர்.

வாங்குவோனாகவும் செல்லாமல், உடையவனாகவும் செல்லாமல், விருந்தினனாகச் செல்க என்பதே நாம் கூற விரும்புவது. விருந்தினனுக்கு மூன்று இலக்கணம் உண்டு. அவன் வீட்டாரின் ஒழுங்குக்கு அமைந்து நடப்பான். காட்டியதை ஊன்றிப் பார்ப்பான். தன் வீட்டுப் பண்டம் ஒன்றை அங்கே காண நேரிடினும், "இஃது எங்கள் வீட்டது" என்று கூவாமல், அதனை அவர்கள் எத்துணை அழகுறப் போற்றி வைத்திருக்கின்றனர் என்று வியப்பான். இம்மூன்றும் உடையவனுக்கு ஒரு நாள் போதும். இல்லாதவனுக்கு ஒரு திங்களும் போதாது.

முதலிற் செய்யவேண்டியது, இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்தலாம். வாகனமொன்றை அமர்த்திக்கொண்டு எட்டு இடம், பத்து இடம் என ஓடுவோர் உண்டு. பாங்கொக்கின் வீதிகளில் வாகன நெரிசல் மிகுதி. அவர்தம் நாளின் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே கழியும். ஒவ்வோரிடத்தும் இறங்கிப் படம் பிடித்து ஏறுவர். மாலையில் எந்தப் படம் எந்தக் கோயிலினது என்று தமக்குள்ளேயே வழக்காடுவர். இதனைவிடப் பழைய நகரப்பகுதி ஒன்றை மாத்திரம் தெரிந்துகொண்டு, அதனை நடந்தும் படகேறியும் காண்பது நன்று. சாவோ பிரயா நதிக்கும் பழைய அகழிக் கால்வாய்களுக்கும் இடைப்பட்ட அப்பகுதியை இரத்தனகோசின் என்பர். அரண்மனை, அரண்மனைக் கோயில், வாட் போ விகாரை, ஆற்றுக்கு அக்கரையில் வாட் அருண், அப்பாற் சிறிது தூரத்தில் பெரிய ஊஞ்சலும் பிராமணர் கோயிலும் ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று அண்மையிலே உள்ளன. ஒரு பகலுக்கு இவை நிறைந்தவை.

இப்பகுதியின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்து செல்லல் வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சீயத்தின் தலைநகராக விளங்கிய அயுத்தியா, 1767ஆம் ஆண்டிலே பர்மியப் படையினால் அழிந்தது. மாளிகைகளும் கோயில்களும் எரிந்தன; ஏட்டுச்சுவடிகளும் உடன் எரிந்தன. தக்சின் என்னும் மன்னர் நதியின் மேற்கரையிலுள்ள தொன்புரியிலிருந்து பதினைந்து ஆண்டு அரசாண்டார். 1782இல் அரியணையேறிய முதலாம் இராமர் தலைநகரைக் கீழ்க்கரைக்கு மாற்றினார். அதுவே பாங்கொக்கின் தோற்றம். ஆகவே நாம் காணும் பழைய நகரம், நாடிழந்து நூலிழந்து நின்ற ஒரு மக்கட் கூட்டம் தன்னைத் தானே மீளக் கட்டியெழுப்பிய முயற்சியின் வடிவமாகும்.

அம்முயற்சி கல்லும் மரமுங் கொண்டு மாத்திரம் நடந்ததன்று. 1788இல் முதலாம் இராமர் பிக்குமாரைக் கூட்டித் திரிபிடகத்தைத் திருத்தி எழுதுவித்தார். 1797இல் இராமகியென் என்னும் தாய்மொழி இராமாயணம் அவர்தம் அவையிலே தொகுத்துப் பாடப்பெற்றது. 1805இல் நாட்டின் சட்டங்கள் ஒழுங்குசெய்யப்பட்டு மூன்று முத்திரைச் சட்டம் என வழங்கலாயின. சமயநூல், காவியம், சட்டம் ஆகிய மூன்றையும் முதலில் மீட்டனர். 1981இல் தன் நூலகம் எரியக் கண்ட யாழ்ப்பாணத்தவருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அழிந்தபின் எதனை முதலில் மீட்பது என்னும் வினாவுக்கு அவர்கள் அளித்த விடையே அந்நகரம். இதனை மனத்திற்கொண்டு சென்றால், பொன்முலாமும் கண்ணாடித் துண்டுகளும் வேறொரு தோற்றம் பெறும்.

நகரின் பெயரும் அறியத்தக்கது. பாங்கொக் என்பது பிறர் வழங்கும் பெயர். தாய் மக்கள் அதனைக் கிருங் தேப் என்பர். தேவநகர் என்பது பொருள். அதன் முழுப்பெயர் வாய்விட்டுச் சொல்ல மூச்சுப்போதாத அளவு நீண்டது. மகாநகரம், நவரத்தினம், ராஜதானி, அமரவிமானம் என்பவற்றின் தாய் வடிவங்கள் அதில் வருகின்றன. இந்திரன் அளிக்க விசுவகர்மன் கட்டிய நகரம் என்று அப்பெயர் முடிகின்றது. வடமொழி, பாலி என்னும் இரண்டன் சொற்களும் அம்மொழியில் நீரும் பாலும்போற் கலந்துள்ளன. ஆசிரியரைக் குரு என்னும் சொல்லின் திரிபினாலும், பல்கலைக்கழகத்தை மகாவித்தியாலயம் என்பதன் திரிபினாலும் வழங்குகின்றனர். ஆயின், அவற்றை அவர்கள் ஒலிக்கும் முறை முற்றிலும் அவர்களுடையது. நம் செவிக்கு முதலில் ஒன்றும் புலப்படாது.

காலையிற் கதவு திறக்கும் நேரத்துக்கே அரண்மனை வாயிலை அடைதல் வேண்டும். வெயில் ஏறிய பின் கூட்டத்தினுள் நிற்றல் அரிது. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தல் அங்கு விதி. நம் கோயில்களுக்கு நாம் எவ்வாறு செல்வோமோ அவ்வாறு செல்வோருக்கு இது சுமையன்று. வாயிலுக்குச் சற்றுத் தூரத்தே, "இன்று அரண்மனை பூட்டு, வேறு நல்ல இடங் காட்டுகின்றேன்" என்று இனிய முகத்தோடு கூறுவோர் சிலர் நிற்பர். அவர் சொற்கேட்டு முச்சக்கர வண்டியில் ஏறியோர், கடைசியில் இரத்தினக்கல் விற்குங் கடையிலே இறங்குவர். வாயில்வரை நடந்து சென்று நேரிற் பார்ப்பதே அறிவுடைமை.

அரண்மனைக் கோயிலாகிய வாட் பிரா கேயோவில் மரகதப் புத்தர் எழுந்தருளியிருக்கின்றார். பெயர் மரகதமேனும் வடித்த கல் மரகதமன்று. பச்சை நிறமுடைய வேறொரு கல். உயரம் 66 சதம மீற்றர் மாத்திரமே. 1779இல் வியன்தியானிலிருந்து படையெடுப்பின்போது கொண்டுவரப்பட்ட வடிவம் அது. வேனில், மாரி, குளிர் என்னும் மூன்று பருவத்துக்கும் மூன்று பொன்னாடைகள் உண்டு. பருவம் மாறும்போது அரசரே ஆடை மாற்றுவது மரபு. பெரிது காணச் சென்றவர், உயர்ந்த பீடத்தின்மேல் இத்துணைச் சிறு வடிவத்தைக் கண்டு திகைப்பர். அத்திகைப்பே நல்லதொரு பாடம். அளவினால் அன்றிப் பற்றினாலேயே ஒரு பொருள் பெருமை பெறுகின்றது.

பலர் இவ்வடிவத்தைக் கண்டதும் வெளியேறுகின்றனர். கோயிலைச் சூழ்ந்த திருச்சுற்று மண்டபத்தைப் பார்ப்போர் சிலரே. அதன் சுவர்களில் இராமகியென் கதை 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டுள்ளது. ஆங்கே நம்மவர் செய்யும் தவறு, கம்பனில் உள்ளதை அச்சுவரிலே தேடுவதாகும். அங்குள்ள சீதை தசகண்டனின் மகளாகவே பிறந்தவள். தீக்குறி கண்டு நீரில் விடப்பட்டவள். அங்குள்ள அனுமன் பிரமசாரியல்லன். இலங்கைக்கு அணை கட்டுகையிற் கற்களைக் கவர்ந்து செல்லும் பொன்மச்சக் கன்னியைக் காதலித்து மணப்பவன். இதனைக் கண்டு, "கதையைக் கெடுத்துவிட்டனர்" என்பார் உளர். கெடுக்கவில்லை, தமதாக்கினர். வான்மீகி கூறியதைக் கம்பன் அவ்வாறே கூறினானா? தன் நாட்டு மருதத்தையும் தன் மக்களின் கற்புநெறியையும் அதனுட் பெய்தல்லவா பாடினான்! கம்பனுக்கு நாம் அளிக்கும் உரிமையைத் தாய்நாட்டுப் புலவருக்கு மறுத்தல் முறையன்று.

மற்றொன்று இலங்கையராகிய நமக்குச் சிறப்பாக உரியது. அக்கோயில் வாயில்களிற் பேருருவ அரக்கர் இருவர் இருவராகக் காவல் நிற்கின்றனர். பச்சை நிற மேனியும் பல முகமும் உடையவன் தொத்சகன். தசகண்டனாகிய இராவணனே அவன். இந்திரசித்தும் அக்காவலருள் ஒருவன். கதையிற் பகைவனாகி வீழ்ந்தவனைப் புத்தர் கோயிலுக்கே வாயிற்காவலனாக நிறுத்தியுள்ளனர். தோற்றவனுக்கும் ஒரு தொழிலும் ஒரு மதிப்பும் கொடுத்து, ஊரின் நடுவே நிறுத்திவைக்கும் உள்ளப்பாங்கு எண்ணத்தக்கது. போரொன்றின் பின்வந்த ஆண்டுகளில் வாழும் நம் நாட்டவர் அவ்வாயிலில் இன்னும் சிறிது நேரம் நிற்கலாம்.

அதே முற்றத்திற் பொன்னிறமாய் மின்னும் மணிவடிவத் தூபியொன்று உண்டு. நான்காம் இராமர் எடுப்பித்தது. இலங்கைத் தூபிகளின் அமைப்பினது. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் இலங்கையிலிருந்து தேரவாத மரபு சீயம் சென்றது. பின்னர் இலங்கையில் உபசம்பதை மரபு அற்றுப்போனபோது, அக்கடனைச் சீயம் திருப்பியளித்தது. 1753இல் அயுத்தியாவிலிருந்து உபாலி தேரர் கண்டிக்கு வந்து அதனை மீள நிறுவினார். சீயம் நிகாயம் என்னும் பெயர் அதனாலே வந்தது. அவரை வரவேற்ற மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் தென்னிந்திய நாயக்கர் மரபினன். கொண்டு சென்றோரைக் குறித்துவைத்த சீயத்தவருக்குக் கொடுத்த நாள் வந்தபோது கணக்குத் தெரிந்திருந்தது. நாடுகளுக்கிடையே கொடுப்பதும் கொள்வதும் இவ்வாறே நடந்திருக்கின்றன. கொடுத்ததை மாத்திரம் நினைத்துக் கொண்டதை மறப்பது வரலாறன்று.

அடுத்து, நடந்து செல்லுந் தூரத்தில் வாட் போ. சேதவனத்தின் பெயரால் வாட் பிரா சேதுபொன் என்பதே அதன் விதிப்பெயர். 46 மீற்றர் நீளத்திற் பள்ளிகொண்ட புத்தரைக் காண யாவரும் செல்வர், காணவேண்டியதே. பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலக் குறிகள் இழைக்கப்பட்டுள்ளன. ஆயின், ஆசிரியத் தொழிலிலுள்ள நம் கண்ணுக்கு அவ்விடத்திற் பெரிதாய்த் தோன்றியது மண்டபச் சுவர்களிற் பதித்த கல்வெட்டுக்களே. 1830களில் மூன்றாம் இராமர் மருத்துவம், யாப்பு, அறநூல், வரலாறு முதலிய பலதுறை அறிவையும் கல்லிலே பொறிப்பித்துப் பொதுமக்கள் காணும்படி வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அவை. உடலின் நரம்புநிலைகளைக் காட்டும் படங்களும் அவற்றுள் உள்ளன. அவற்றையொட்டியே பிடித்துவிடும் மருத்துவமுறை அங்கு இன்றும் பயிற்றப்படுகின்றது. 2011இல் யுனெஸ்கோ அக்கல்வெட்டுக்களை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

அச்சு இயந்திரம் அந்நாட்டிற் பரவுமுன்னே, ஏடுகள் எரியும் என்பதை அறிந்த ஒரு தலைமுறையின் மக்கள், எரியாத கல்லிலே அறிவை எழுதினர்; அதுவும் அரண்மனைக்குள் அன்று, எவரும் புகத்தக்க கோயிலிலே எழுதினர். அக்கோயிலை அந்நாட்டின் முதற் பல்கலைக்கழகம் என்று கூறும் வழக்குண்டு. அந்த எழுத்துக்களை நம்மால் வாசிக்க இயலாது. இயலாவிடினும் அவற்றின்முன் கால்மணி நேரம் நிற்கலாம். அவ்வெழுத்து கெமர் எழுத்தின் வழிவந்தது. கெமர் எழுத்தோ தென்னிந்தியப் பல்லவர் எழுத்தின் வழிவந்தது. இஃது உண்மையே. ஆயின் எழுத்தை அனுப்பியதனினும், அவ்வெழுத்தைக்கொண்டு எதனை எழுதினர் என்பதே பெரிது.

நண்பகலில் தா தியன் துறையிலே ஓடமேறிச் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். உச்சி வெயிலிலும் ஆற்றுக்காற்று உடலுக்கு இதமளிக்கும். அக்கரையில் உயர்ந்து நிற்பது வாட் அருண். சூரியனின் தேரோட்டியாகிய அருணன் பெயர்பெற்ற விகாரை. மேருமலையின் பாவனையிற் கட்டிய அதன் கோபுரம் முழுவதும் சீனப் பீங்கான் துண்டுகளும் சிப்பிகளும் பதித்துப் பூவேலை செய்யப்பட்டுள்ளது. உடைந்த கோப்பைத் துண்டு ஒரு மலரின் இதழாகியிருப்பதை அண்மையிற் சென்றே காணல் வேண்டும். மரகதப் புத்தரும் ஆற்றைக் கடக்குமுன் இவ்விடத்திலேயே இருந்தார். மூன்று இடங்களும் ஒரே கதையின் மூன்று அதிகாரங்கள் என்பது ஆற்றின் நடுவிலிருந்து பார்க்கும்போது தெளிவாகும்.

"பிள்ளைகளுடன் செல்வோருக்கு இவ்வளவு நிதானம் கைகூடுமா?" என்று கேட்பாருண்டு. கைகூடும். பிள்ளைகள் களைப்பது நடையினாலன்று, பொருள் தெரியாமையினாலேயாம். ஓவியச் சுவரில் அனுமனைத் தேடிக் கண்டுபிடி என்று ஒரு சிறுவனிடம் கூறிப் பார்க்க. அவன் பெரியோரை இழுத்துச் செல்வான். முதியோர் வாட் அருணின் செங்குத்தான படிகளில் ஏறவேண்டுவதில்லை; நிழலில் அமர்ந்து ஆற்றைப் பார்த்திருக்கலாம். விருந்தினன் எல்லா அறைகளையும் திறந்து பார்க்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

பிற்பகலில் மீண்டும் இக்கரை வந்து பெரிய ஊஞ்சலடிக்குச் செல்லல் வேண்டும். செந்நிறம் பூசிய பெருந்தேக்குத் தூண்கள் வானளாவ நிற்கும். ஊஞ்சற் பலகையோ கயிறோ இராது. 1784இல் முதலாம் இராமர் நிறுவினார். 1920இல் இப்போதைய இடத்துக்கு மாற்றினர். பழுதுற்ற மரங்களை நீக்கிப் புதிய தேக்கினால் 2007இல் மீள அமைத்தனர். முன்னாளில் இளைஞர் இவ்வூஞ்சலில் உயர ஆடி, மூங்கிற் கம்பத்திற் கட்டித் தொங்கவிட்ட வெள்ளி நாணயப் பையைப் பல்லாற் கவ்வுவர். வீழ்ந்து இறந்தோரும் உளர். 1930களில் ஊஞ்சலாட்டம் நிறுத்தப்பட்டது.

ஊஞ்சலின் அயலிலே தேவஸ்தானம் என்னும் பிராமணர் கோயில் உண்டு. சிவனுக்கும் கணபதிக்கும் நாராயணனுக்கும் தனித்தனியே மூன்று சிறு கோயில்கள். அரண்மனைச் சடங்குகளை நடத்தும் பிராமணக் குருமார் வெண்ணிற ஆடையும் முடிந்த குடுமியுமாக அங்கு வழிபாடாற்றுகின்றனர். அவர்கள் தாய் மொழி பேசும் தாய் மக்களே, புத்தரையும் வணங்குவோர். மன்னர் முடிசூட்டிலும், வைகாசி மாதத்தை அண்டி நடக்கும் அரச ஏர்மங்கலத்திலும் அவர்க்கு இடமுண்டு. ஊஞ்சலாட்டம் எந்த விழாவின் பகுதியாக இருந்ததோ அவ்விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய் என்பதாகும். முன்னதிற் சிவபெருமான் பத்து நாள் மண்ணுலகுக்கு எழுந்தருள்கின்றார்; பின்னதில் நாராயணன் ஐந்து நாள் எழுந்தருள்கின்றார். ஊஞ்சல் நின்றபோதிலும் வழிபாடு நிற்கவில்லை. மார்கழி, தையை ஒட்டிய காலத்தில் ஆண்டுதோறும் தேவஸ்தானத்திலே நடைபெறுகின்றது.

அப்பெயர்கள் மணிவாசகரின் திருவெம்பாவையும் ஆண்டாளின் திருப்பாவையுமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. கிரந்த எழுத்திலுள்ள ஏடுகளைக்கொண்டு குருமார் அப்பாடல்களை ஓதிவந்தனர். தென்கிழக்காசியாவிலுள்ள தமிழ்ப் பண்பாட்டுத் தடயங்களை உலகறியச் செய்தோருள் நம் ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் முதன்மையானவர். அவர் கிறித்தவத் துறவி என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஆயின், ஓசை தேய்ந்து சொல் திரிந்து, ஓதுவோருக்கும் பொருள் விளங்காத மந்திரமாக அப்பாடல்கள் நின்றுவிட்டன.

இவ்விடத்திலேதான் நம்மவர் மார்தட்டுதல் உச்சத்தை அடைகின்றது. "பார்த்தீர்களா, மன்னர் அவையிலே நம் தமிழ்!" என்கின்றனர். மகிழ்ச்சி இயற்கையே, நமக்கும் மகிழ்ச்சியே. எனினும், மகிழ்ச்சியோடு ஒரு வினாவும் எழுதல் வேண்டும். பொருள் தெரியாத மக்கள், எத்தனையோ தலைமுறையாக, கடலுக்கப்பால், ஒரு நாட்டுத் தலைநகரம் எரிந்து மற்றொன்று எழுந்த பின்னரும், அந்த ஓதலைக் கைவிடாது காத்தனர். பொருள் தெரிந்த நாம் யாது செய்கின்றோம்? யாழ்ப்பாணத்திலும் திருவெம்பாவைக் காலம் பத்து நாளே. வைகறையிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க இளைஞர் வீதிவலம் வந்த ஊர்கள் எத்தனை! இன்று எத்தனை ஊர்களில் அந்த ஒலி கேட்கின்றது? கேட்கும் இடத்திலும், ஒலிபெருக்கியின் பணியன்றி இளைஞர் நாவின் பணி எவ்வளவு? பாட்டுக்குப் பொருள் சொல்லத் தெரிந்த மாணவர் வகுப்புக்கு எத்தனை பேர்?

அவர்களிடம் பொருளின்றிப் பற்று உண்டு. நம்மிடம் பற்றின்றிப் பொருள் உண்டு. இவ்விரண்டில் எது உரிமைக்குச் சான்றாகும் என்பதனை வாசகரே தீர்த்துக்கொள்க. உரிமை என்பது பத்திரத்தாற் பெறும் பொருளன்று. பேணுதலால் நாள்தோறும் புதுப்பிக்கவேண்டிய பொருள். தேவஸ்தானத்தின் கதவு அடைத்திருப்பினும் அவ்வாயிலில் நின்று இதனை எண்ணுதல் நன்று. எண்ணியவர் "நம்முடையது" என்று கூவமாட்டார்; தலை கவிழ்ந்து கைகூப்புவார்.

மாலையில் இன்னும் வலிமையிருப்பின் சீலோம் வீதிக்குச் சென்று மாரியம்மன் கோயிலைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தமிழகத்திலிருந்து சென்று குடியேறியோர் எடுத்த கோயில் அது. கோபுரமும் பதுமைகளும் நமக்குப் பழக்கமானவை. உள்ளே வணங்குவோரிற் பெரும்பாலார் தாய் மக்களும் சீனரும் ஆவர். கையில் மாலையும் தேங்காயும் ஏந்தி அவர் நிற்கும் அமைதி கண்டு நாம் நாணவேண்டியிருக்கும். நவராத்திரி முடிவில் அம்மன் வீதியுலா வரும்போது சீலோம் வீதியே அவளுக்காக ஒதுங்குகின்றது.

அக்கோயிலை அவ்வூரார் வாட் கைக் என்பர். கைக் என்னுஞ் சொல்லுக்கு விருந்தினன் என்பதே நேர்ப்பொருள். இந்தியரையும் நம்மையும் ஒத்த தோற்றமுடையோரைக் குறிக்க அச்சொல்லை வழங்குகின்றனர். சிலவேளை ஏளனக் குறிப்போடும் வழங்குவதுண்டு. ஆயினும் சொல்லின் வேர் அழகியது. விருந்தினனின் கோயில் என்று பெயரிட்டுவிட்டு, வீட்டாரே வந்து அதில் விழுந்து வணங்குகின்றனர். உள்ளவர் விருந்தினனின் தெய்வத்துக்கும் இடமளித்தனர். விருந்தினனும் தன் தெய்வத்தைத் தனக்கே எனப் பூட்டிவைக்கவில்லை. இருவரும் தத்தம் கடமையைச் செய்தமையாலே அக்கோயில் வளர்ந்தது.

கடைக்குச் செல்லலாகாதென்று நாம் கூறவில்லை. பேரப்பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்குவது அன்பின் செயலேயன்றிக் குற்றமன்று. ஆயினும் அதற்கு மாலையில் இரண்டு மணி நேரம் போதும். பகல் நகரத்துக்கு உரியதாகட்டும். கடைகளிற் புத்தரின் தலையை மாத்திரம் தனியே வார்த்து வீட்டலங்காரமாக விற்பர். அதனை வாங்காதிருப்பதும் விருந்தினன் கடமையே. பிறர் தலையைத் தொடுதலும், திருவுருவத்தை நோக்கிக் கால் நீட்டுதலும் அம்மக்களுக்கு ஒவ்வாதவை, நமக்கும் ஒவ்வாதவையே. ஆதலால் புதிதாய்க் கற்பதற்கு அதிகம் இல்லை. வீட்டிற் கற்றதை அங்கே மறவாதிருந்தாற் போதும்.

முடிவாகப் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வாறு பிறநாட்டு நகரொன்றில் ஒரு நாள் கழிக்கும் ஒவ்வொருவரும், தாம் கண்டதைப்பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புவாராக. விலைப்பட்டியலும் வேண்டாம், வெற்றிப்பட்டியலும் வேண்டாம். அங்குள்ளோர் எதனை எவ்வாறு பேணுகின்றனர் என்பதனை எழுதுக. அவற்றைத் தொகுத்து வைத்தால், கடல் கடந்து செல்ல வசதியற்ற மாணவனும் உலகத்தை விருந்தினனின் கண்ணாற் காணக் கற்பான்.

கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வருகின்ற மார்கழியிற் பத்து நாளும், பாடம் தொடங்குமுன் நாளுக்கு இரண்டு பாடலாகத் திருவெம்பாவையின் இருபது பாடல்களுக்கும் பொருள் சொல்ல ஒழுங்கு செய்க. செலவில்லாத காரியம் இது. ஆசிரியர் ஒருவரும் கால்மணி நேரமும் போதும். அவ்வாறு கற்ற மாணவன் ஒருவன் பின்னொரு நாளிற் பாங்கொக்கின் ஊஞ்சலடியில் நிற்கும்போது, அங்குள்ளோர் ஓசையைக் காத்தனர், எம் ஊரவர் பொருளைக் காத்தனர் என்று நேர்மையோடு கூறக்கூடியவனாவான். விழாக்காணும் நம் கல்லூரி அவனுக்கு அத்தகுதியை அளிக்குமாக.